ஆபீஸுக்குத் தெரியாமல் தயாராவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 34. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பில் சரிபார்க்கும் வேலை, சேர்ந்து எட்டு வருஷம் நாலு மாதம். அதற்கு முன் வேறோர் இடத்தில் ஒன்றரை வருஷம். பிடித்தம் போகக் கையில் வருவது 52,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. மகள் இரண்டாம் வகுப்பு. தாம்பரத்தில் வாடகை வீடு. ஆபீஸில் யாரும் கொடுமைப்படுத்தவில்லை, ஆனால் செய்கிற வேலை எதுவும் மனசில் ஒட்டவில்லை. வெள்ளக்கோவில் பக்கம் சொந்த ஊர், சொந்த வீடு, அப்பா விவசாயம். அங்கே போய் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆபீஸுக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருஷம் சம்பளப் பிரிவில் இருந்தவன். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பதுதான் என் மேசை வேலை. இப்போது பிஎஃப், வருமான வரி வேலைகளைத் தனியாகச் செய்து தருகிறேன். நிம்மதியாக வெளியே போய் நிலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறே மாதத்தில் பழைய மேனேஜருக்கு போன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. நிலைத்தவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி, ஆபீஸில் எதையும் சொல்லாமல் தயாரானவர்கள். திரும்பி வந்தவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்தவர்கள். கேன்டீனில் எல்லோருக்கும் திட்டம் தெரியும், வீட்டில் மனைவிக்குக் கடன் எவ்வளவு என்று தெரியாது. உங்கள் கேள்வியில் ‘ஆபீஸுக்குத் தெரியாமல்’ என்பது சரி. ‘அப்பாவுக்குத் தெரியாமல்’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அலுப்பு எதனால் என்பதைச் சீக்கிரம் முடிவு செய்துவிடுங்கள். மேனேஜரா, செய்கிற வேலையா, தினமும் மின்சார ரயிலில் நசுங்கிப் போய் வருவதா? மேனேஜர்தான் என்றால் வேறு டிபார்ட்மென்ட் கேட்டாலே போதும். ரயில்தான் என்றால் வீட்டை மாற்றலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வேலையேதான் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. அதற்கும் ஒரு சோதனை உண்டு. சேர்ந்திருக்கும் விடுப்பில் பத்து நாள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். சுற்றிப் பார்க்க வேண்டாம், ஏதாவது ஒரு செக்கில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நில்லுங்கள். மூட்டை இறக்குவது, பருப்பில் சொத்தை பொறுக்குவது, புண்ணாக்கு அள்ளுவது, கடன் சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேசுவது எல்லாமே அந்தத் தொழில்தான். பத்து நாளுக்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் மேலே படியுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே தயாராவதற்கு இந்தச் சென்னையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச் 1ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். வேலையை உதறிவிட்டு அவர் கணிதம் எழுதப் போகவில்லை. குமாஸ்தாவாக இருந்தபடியே எழுதினார். 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில்கூடத் தன்னைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அதற்கு முன் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் எழுதிப் பார்த்திருந்தார், பயன் இல்லை. 1913 மே மாதம் மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதன் பிறகுதான் அவருக்கு ஆபீஸ் மேசையிலிருந்து விடுதலை. கப்பல் ஏறியது அதற்கும் அடுத்த வருஷம். மேதையின் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மிகச் சாதாரணமானவை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தட்ட வேண்டிய கதவுகளை எல்லாம் தட்டினார். மறு வருமானம் உறுதியான பிறகே வெளியேறினார். ஆபீஸில் அவர் மனதைப் புரிந்துகொண்ட மேலதிகாரி ஒருவர் இருந்தார், நாராயண ஐயர், அவரே கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். அப்படி ஒருவர் உங்கள் ஆபீஸில் இருந்தால் அவரிடம் சொல்லலாம். இல்லாவிட்டால் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இனி எண்ணெய்க்கு வருவோம். செக்கு எண்ணெய்க் கனவோடு என்னிடம் கணக்குக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அநேகமாக எல்லோரும் முதலில் மிஷின் விலையைத்தான் கேட்பார்கள். நான் கேட்பது ஒரு லிட்டரின் கணக்கை. கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு போகும். நடுவில் 2.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 288 ரூபாய். ஆட்டும் கூலி லிட்டருக்கு 40, பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 20, சென்னைக்கு லாரி பார்சல் 10. ஆக 358. புண்ணாக்கு சுமார் 1.4 கிலோ தேறும், மாட்டுக்குக் கிலோ 40க்கு விற்றால் 56 ரூபாய் திரும்பும். அடக்கம் 302. லிட்டர் 360க்கு விற்றால் கையில் நிற்பது 58 ரூபாய். இந்த விலைகளை உங்கள் ஊர் விலையால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் உருவம் மாறாது.

இப்போது மாதம் 30,000 வேண்டுமென்றால் சுமார் 520 லிட்டர் விற்க வேண்டும். ஒரு குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் வாங்கினால் 260 குடும்பங்கள், அதுவும் மாதம் தவறாமல். பருப்பு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் லிட்டர் அடக்கம் 24 ரூபாய் ஏறும். 58 ரூபாய் 34 ஆகிவிடும். நீங்கள் உடனே விலையை ஏற்ற முடியாது, பெரிய கம்பெனி பாக்கெட் எண்ணெய் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு இருக்கும். அறுவடை நேரத்தில் பருப்பை வாங்கி இருப்பு வைத்தால்தான் இந்த அடியைத் தாங்க முடியும். ஆக உங்களுக்கு முதலில் தேவைப்படும் பெரிய பணம் மிஷினுக்கு அல்ல, சரக்குக்கு.

ஆகவே செக்கு வாங்காதீர்கள். குறைந்தது ஒரு வருஷத்துக்கு வாங்காதீர்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் கொப்பரைக் களங்களுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் பஞ்சமே இல்லை. கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்குகள் இருக்கின்றன, சிலர் கூலிக்குப் பதிலாகப் புண்ணாக்கையே எடுத்துக்கொள்வார்கள். பருப்பை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று ஆட்டி வாங்குங்கள். எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, கசடு அடியில் தங்கிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். அவசரப்பட்டுத் தெளியாமல் ஊற்றினாலோ பருப்பு ஈரமாக இருந்திருந்தாலோ சீக்கிரமே காறல் வாடை வரும். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் ஒரு பாட்டிலைத் தேதி எழுதி வீட்டு அலமாரியில் எடுத்து வைத்து, மாதம் ஒரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். எந்த மாதத்தில் வாடை மாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால்தான் லேபிளில் எத்தனை மாதம் என்று மனசாட்சியோடு அச்சடிக்க முடியும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் போவது விலையால் குறைவு, காறலால் அதிகம்.

செக்குகள் நிறைந்த ஊரில் இன்னொரு செக்கு எண்ணெயை யார் வாங்குவார்கள்? உங்கள் வாடிக்கையாளர்கள் ஊரில் இல்லை, இங்கே இருக்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், உங்கள் மகளின் பள்ளியில் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற பெற்றோர்களில். நீங்கள் சிறை என்று நினைக்கிற இந்தச் சென்னை வாசம்தான் உங்கள் தொழிலுக்குக் கிடைத்திருக்கும் மூலதனம். ஊருக்குப் போன பிறகு சென்னையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமென்றால் ஒரு ராத்திரி பஸ் ஏறி வர வேண்டும். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நடந்தே போகலாம். ஒரு வருஷத்தில் தொடர்ந்து வாங்குகிற நூறு குடும்பங்கள் சேர்ந்துவிட்டால் உங்களுக்குத் தொழில் இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தவர்கள் முகதாட்சண்யத்துக்காக முதல் தடவை வாங்குவார்கள், அதை எண்ணாதீர்கள். மூன்றாம் தடவை அவர்களாகக் கேட்டு வாங்கியதை மட்டும் எண்ணுங்கள். தீபாவளி மாத விற்பனையையும் சராசரியில் சேர்க்காதீர்கள், அது எல்லோரையும் ஏமாற்றும்.

சோதனைதானே என்று சட்டத்தை விட்டுவிடக் கூடாது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு சிறு அளவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், விற்பனை பெருகினால் உரிமமாக மாற்ற வேண்டும். பொட்டலமிட்டு விற்பதற்கு எடையளவுச் சட்டப்படி தனிப் பதிவு உண்டு, தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை கட்டாயமில்லை.

பதிவை யார் பெயரில் எடுப்பது என்பதில்தான் ஆபீஸ் விஷயம் வருகிறது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுசாகப் படியுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது என்ற வரி அநேகமாக இருக்கும். 2022இல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை வெளியே அனுப்பியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்ணெய் விற்பது உங்கள் கம்பெனிக்குப் போட்டி இல்லைதான், ஆனாலும் ஆர்டரில் இருக்கும் வரி வரிதான். உங்கள் மனைவிக்கோ அப்பாவுக்கோ இதில் உண்மையான விருப்பமும் பங்கும் இருந்தால் அவர்கள் பெயரில் பதிவு எடுங்கள், பணமும் அவர்கள் கணக்கிலேயே வந்து போகட்டும், வரிக் கணக்கும் அவர்கள் பெயரிலேயே போகட்டும். மனைவியின் பள்ளியிலும் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே பெயரை மட்டும் இரவல் வாங்குவது எனக்குப் பிடிக்காத காரியம். பிறகு லோன், மானியம் என்று வரும்போது அதுவே சிக்கலாகும்.

ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட்கூட இதற்காகத் திறக்காதீர்கள். ஆபீஸ் மெயில், ஆபீஸ் வைஃபை, ஆபீஸ் பிரிண்டர் எதுவும் வேண்டாம். வேலை நேரத்தில் ஆர்டர் போன் எடுக்க வேண்டாம். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எண்ணெய் விற்கவே விற்காதீர்கள். அவர்கள் பாட்டிலைக் கையில் பிடித்த அன்றைக்கே உங்கள் திட்டம் மாடி முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த இன்க்ரிமென்டில் ‘அவன் எப்படியும் போகிறவன்தானே’ என்று உங்கள் பெயரைத் தள்ளி வைப்பார்கள். நான் அந்தப் பட்டியல்கள் தயாராகும் அறையில் இருந்தவன், இது நடக்கும். அதே சமயம் யாராவது நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். ‘ஊரில் அப்பாவுக்கு உதவியாகச் சில வேலை இருக்கிறது’ என்பது உண்மை, அது போதும். வேலையில் மட்டும் குறை வைக்காதீர்கள். வாங்குகிற சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்ற நியாயம் ஒரு பக்கம். கவனம் சிதறுகிறவன் மேல்தான் எல்லோர் கண்ணும் விழும் என்பது இன்னொரு பக்கம்.

வீட்டுச் செலவுக் கணக்கை ஞாபகத்திலிருந்து போடாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட் பன்னிரண்டு மாதத்துக்கு எடுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், ஆவணி, தை மாதங்களில் கல்யாணங்களுக்கு வைத்த மொய், வண்டி சர்வீஸ் இதெல்லாம் மாதக் கணக்கில் தெரியாது, வருஷக் கணக்கில்தான் தெரியும். ஊரில் வாடகை இல்லை என்பதால் மாதம் 30,000 போதும் என்று நினைக்கிறீர்கள். மனைவிக்கு அங்கே உடனே வேலை கிடைக்காது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 3,60,000, வருஷத்துக்கு ஒரு முறை வரும் செலவுகளுக்கு ஒரு லட்சம். இந்தத் தொகை தொழில் முதலீட்டோடு சேராமல் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பருப்பு விலை இறங்கியிருக்கிறது, கொஞ்சம் இதிலிருந்து எடுத்துப் போடலாம் என்ற ஆசை கட்டாயம் வரும். கணக்கை மனைவி பெயரில் வைத்தால் அந்த ஆசைக்கு ஒரு தடுப்பு.

அடுத்து, பலரும் மறக்கிற ஒன்று. யாருக்காவது சீட்டுக் கம்பெனியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? சம்பளக்காரர் என்பதால் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் உங்கள் சம்பளச் சான்றிதழைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும், நீங்கள் சம்பளம் இல்லாமல் இருக்கும்போது வரும். அந்தச் சீட்டுகள் எப்போது முடிகின்றன என்று குறித்து வையுங்கள். நீங்களே சீட்டை முன்னால் எடுத்திருந்தால் மீதித் தவணைகளும் செலவுக் கணக்கில் வர வேண்டும். நகைக் கடன் இருந்தால் மீட்டுவிட்டு வெளியே வாருங்கள். அந்த நகைதான் பிறகு அவசரத்துக்கு உதவும்.

இனி ஆபீஸிலிருந்து உங்களுக்கு வர வேண்டியது. கிராஜுவிட்டி, அதாவது பல வருஷம் வேலை பார்த்ததற்குக் கம்பெனி தரும் பணிக்கொடை: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சேவை வருஷத்தால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படை 26,000 என்று வைத்தால் ஒரு வருஷத்துக்குச் சரியாக 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருஷமாகக் கணக்கில் வரும். ஒரு வருஷச் சோதனைக்குப் பிறகு ஒன்பது வருஷம் நாலு மாதத்தில் வெளியே போனால் 1,35,000. அதே ஆள் ஒன்பது வருஷம் ஏழு மாதத்தில் போனால் பத்து வருஷமாகி 1,50,000. மூன்று மாதத்தில் 15,000 வித்தியாசம், நோட்டீஸ் கொடுக்கும் தேதியை நகர்த்தினாலே கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாத தொகையை ஊதியமாகக் கொள்ள வேண்டும் என்பதால் உங்களுக்கு இது கூடவும் வாய்ப்பு உண்டு.

பிஎஃப் விஷயத்தில் இன்றைக்கே செய்ய வேண்டியது பழைய கம்பெனிக் கணக்கை இப்போதைய கணக்கோடு சேர்ப்பது. பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பத்தியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாகச் சேர்ந்து, சேரும்போதே 15,000க்கு மேல் அடிப்படை வாங்கியவர்களுக்கு அது இருக்காது. உங்களுக்கு இருந்தால் பழைய ஒன்றரை வருஷமும் சேர்ந்து பத்து வருஷம் நிறையப் போகிறது. பத்து நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பான 15,000இல் பத்து வருஷத்துக்கு மாதம் சுமார் 2,143 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் சாகும்வரை வரும், பிறகு துணைவிக்கும் ஒரு பகுதி வரும். பழைய கணக்கைச் சேர்க்காமல் விட்டால் இது கைவிட்டுப் போகலாம். பிஎஃப் கணக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப் போகிறதா, அப்பா பெயர் சரியாக இருக்கிறதா, நாமினி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்த எச்ஆர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். போன பிறகு அதே கையெழுத்துக்கு அலைய வேண்டும். பிஎஃப் பணத்தைத் தொழில் முதலாக மட்டும் எண்ணாதீர்கள். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். எடுக்காமல் விட்டால் தொடர்ந்து சேரும், வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான்.

மருத்துவக் காப்பீட்டை இந்த மாதமே எடுங்கள். ஆபீஸ் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம் வரை காத்திருப்பு. இப்போதே தொடங்கினால் நீங்கள் வெளியே வரும்போது அதில் ஒரு வருஷம் கழிந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. டேர்ம் இன்சூரன்ஸ் இல்லையென்றால் அதையும் பே ஸ்லிப் கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று கேட்பார்கள், புதிதாகத் தொழில் தொடங்கியவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

ஒரு வருஷம் கழித்து நூறு குடும்பங்கள் தேறி, செக்கு வாங்கலாம் என்ற நிலை வந்தால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதம் மானியம். புதிதாகத் தொடங்கும் யூனிட்டுக்கு மட்டும்தான், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும்தான். எனவே மிஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கும் உற்பத்தி யூனிட் என்று எங்கேயாவது பதிவு செய்வதற்கும் முன்னால் அங்கே போய்ப் பேசிவிடுங்கள். மானியம் முதல் நாளே கையில் வராது, வங்கியில் மூன்று வருஷம் உங்கள் கடன் கணக்குக்கு எதிராக நிற்கும். அதை வரவில் எழுதி வைத்துக்கொண்டு கடன் வாங்காதீர்கள்.

ராஜினாமாவைப் பள்ளி வருஷத்தோடு பொருத்துங்கள். நோட்டீஸ் மூன்று மாதம் என்றால் பிப்ரவரியில் கொடுத்து மே கடைசியில் கிளம்புவது வசதி. மகளுக்குப் படிப்பு நடுவில் நிற்காது, மனைவியும் தன் பள்ளியில் முறையாகச் சொல்லிவிட்டு வரலாம். போனஸ் எந்த மாதம் வரவாகிறது, அன்றைக்கு நோட்டீஸில் இருப்பவருக்கு உண்டா என்று கம்பெனி விதியில் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால் எல்லா வருஷத்து ஃபார்ம் 16, கடைசி மூன்று வருஷப் பே ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இன்க்ரிமென்ட் கடிதங்கள் எல்லாவற்றையும் போர்ட்டலிலிருந்து இறக்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் சாயங்காலம் லாகின் மூடிவிடும். உங்கள் காகிதங்கள் மட்டும். கம்பெனியின் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம்.

கடிதம் இரண்டு வரி போதும்: ராஜினாமா செய்கிறேன், கடைசி நாள் இது. காரணம் கேட்டால் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். எக்ஸிட் இன்டர்வியூவில் எட்டு வருஷக் குறையையும் கொட்ட வேண்டாம், அதைப் படிப்பவர் அதை மாற்றக்கூடிய இடத்தில் இருப்பதில்லை. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், விடுப்புக்கான பணம், கணக்கு முடிப்பு இவற்றை மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். சம்பள பாக்கியைப் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி இரண்டு வேலை நாளில் தர வேண்டும், கிராஜுவிட்டிக்கு முப்பது நாள். எண்ணெய் நன்றாகப் போனாலும் அந்த ரிலீவிங் லெட்டரைப் பத்திரமாக வையுங்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு கஷ்ட காலத்தில் ஏதாவது வேலை தேட வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது அப்பா. ஆபீஸ் வேலை பார்க்கிற மகன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்தீர்கள். புரிகிறது. ஆனால் உங்கள் திட்டத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு மூட்டைகூட நகராது. பருப்பைக் கையில் அள்ளி, இரண்டைக் கடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு, போன வருஷச் சரக்கைக் கலந்திருக்கிறானா என்று சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். உங்களிடம் இருபது ரூபாய் கூட்டிச் சொல்கிற வியாபாரி அவரிடம் கூட்ட மாட்டார். செக்குக்காரரும் அவர் முகத்துக்காகத்தான் உங்களை நாள் முழுக்கக் கூட நிற்க விடுவார். இரண்டு வருஷம் கழித்து, எல்லாம் முடிவான பிறகு, மூன்றாம் மனிதர் சொல்லி அவருக்குத் தெரிந்தால் அந்த வருத்தம் ஆறாது.

அதனால் விடுப்பு எடுத்துப் போகிற அந்தப் பத்து நாளில், முதல் நாளே சொல்லுங்கள். வேலையை விடப் போகிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம், ஏனென்றால் இன்றைக்கு அது உண்மையும் இல்லை. ‘அப்பா, கொஞ்சம் கடலை வாங்கி ஆட்டிச் சென்னையில் விற்றுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், வேலை இருக்கட்டும், ஒரு வருஷம் பார்ப்போம், நல்ல பருப்பு எங்கே கிடைக்கும்?’ என்று கேளுங்கள். ஒரு லிட்டர் கணக்கு எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். அதில் எந்த வரி தப்பு என்று அவர் சொல்வார், அன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு ஐம்பது கிலோ பருப்புக்கு மேல் வாங்க வேண்டாம்.